இத்தாலிய ஏரிகளும் நாட்டுப்புறமும்: எங்கே தங்குவது, காரை எங்கே எடுப்பது?

கோமோ ஏரியின் மேற்குக் கரையில் கொலோன்னோ என்று ஒரு சின்ன ஊர். சாலை அங்கே இரண்டு கல் வீடுகளுக்கு நடுவே புகுந்து போகிறது. நாங்கள் உள்ளே நுழைந்த பிறகுதான் எதிரே பஸ் வருவது தெரிந்தது. எனக்கு இடப்பக்கம் பஸ்ஸின் தகரம், மனைவிக்கு வலப்பக்கம் சுவர். அவள் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கினாள். சுவரிலிருந்த பாசி அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. பஸ் டிரைவர் பொறுமையாக, விரல்கடை விரல்கடையாக வண்டியை நகர்த்திக் கடந்து போனார். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் காத்து நின்றன. ஏரி ஐம்பது அடி தள்ளித்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

அது எங்கள் முதல் இத்தாலிப் பயணம். மிலானின் மல்பென்சா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு கார் எடுத்து, 10 இரவுகளுக்கு 7 ஹோட்டல் என்று சுற்றினோம். சில வருஷம் கழித்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போனோம். அப்போது 10 இரவுக்கு 3 ஹோட்டல், பாதிப் பயணம் கார் இல்லாமல். இப்போது அண்ணன் குடும்பம் வருகிற மே மாதம் கிளம்புகிறது. “எந்த ஏரி நல்லது?” என்று அண்ணன் போனில் கேட்டார். எல்லாருமே முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் எந்த ஏரியும் ஏமாற்றாது. இரவுகளை எத்தனை ஊருக்குப் பிரிப்பது, காரை எந்த நாளில் கையில் எடுப்பது என்ற இரண்டும்தான் பயணத்தை நன்றாக்கும் அல்லது கெடுக்கும். அண்ணனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

தினம் ஒரு ஊரா, ஓரிடத்தில் தங்கலா?

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். மஜ்ஜோரே ஏரி, அதன் மேற்கே குட்டியாக ஓர்டா, கிழக்கே கோமோ, இன்னும் கிழக்கே இசேயோ, கடைசியில் கார்டா. “தினம் ஒரு ஏரி” என்று யாருக்கும் ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. மஜ்ஜோரேவின் ஸ்ட்ரேசாவில் ஒரு இரவு, ஓர்டாவில் ஒன்று, கோமோவின் மெனாஜோவில் இரண்டு, கார்டாவின் சிர்மியோனேவில் ஒன்று, ரீவாவில் ஒன்று, மீதி நடு இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் என்று போட்டோம்.

இதில் கெட்டுப்போவது நேரம். இத்தாலிய ஹோட்டல்களில் காலை 10, 11 மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். நடுவில் நாலைந்து மணி நேரம் மொத்தச் சாமானும் காரில் கிடக்கும். வழியில் ஒரு அழகான ஊர் வந்தால் இறங்கி நடக்க மனசு வராது. சுற்றுலா ஊர்களின் பார்க்கிங்கில், வெளியே தெரிகிற மாதிரி பெட்டி வைத்த கார்தான் திருடனின் கண்ணில் முதலில் படும். டிக்கியில் அடங்காத ஒரு பெட்டி பின் சீட்டில் இருந்ததால் பெர்கமோ நகரை நாங்கள் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டு வந்தோம். அதை நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

ஹோட்டல் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாள் கணக்கில் போய்விடும். 7 ஹோட்டல் என்றால் 6 மாற்றம், அதாவது 3 முழு நாள். 10 நாள் பயணத்தில் அது பெரிய விலை. என்னைக் கேட்டால் ஒரு இடத்துக்குக் குறைந்தது 3 இரவு, முடிந்தால் 4. ஒரே ஒரு இரவு தங்கல் என்பது விமானத்துக்கோ ரயிலுக்கோ வசதியாக வழியில் இறங்கும் ஊருக்கு மட்டும்தான் சரி.

விசா வேலையிலும் இது கை கொடுக்கும். ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டும். 7 பதிவுகளைத் தேதி மாறாமல் கோத்துக் காட்டுவதற்கும் 3 பதிவுகளைக் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம். எந்தப் பதிவானாலும் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்.

ஏரிக்கரையில் கார் வேண்டுமா?

முதல் பயணத்துக்கும் இரண்டாம் பயணத்துக்கும் பெரிய வித்தியாசமே இதுதான்.

கோமோ ஏரி கவட்டைக் கம்பைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும். கவட்டை பிரியும் முனையில் பெல்லாஜோ, கிழக்குக் கரையில் வரென்னா, மேற்கில் மெனாஜோவும் ட்ரெமெட்சோவும். ஏரி ஆழமானது, 400 மீட்டருக்கு மேல். மலை நேரே தண்ணீருக்குள் இறங்குவதால் கரையில் அகலமான சாலைக்கு இடமே கிடையாது. மேற்குக் கரைச் சாலை ரோமானியர் காலத்துப் பாதையை ஒட்டிப் போவது. வில்லா கார்லோட்டா, வில்லா பால்பியனெல்லோ என்று பேர்பெற்ற தோட்ட மாளிகைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். கொலோன்னோவில் தொடங்கி அந்த இடுக்குகளைச் சுற்றிப்போக, பெரும்பகுதி சுரங்கமாக, ஒரு மாற்றுப்பாதை கட்டும் வேலை நடக்கிறது. அதுவரை அந்தக் கரையில் ஓட்டுபவருக்குச் சாலையைத் தவிர எதுவும் தெரியாது. கோமோ நகரிலிருந்து மெனாஜோவரை 35 கி.மீ.தான். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

இரண்டாம் முறை மிலான் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். லெக்கோ தாண்டியதும் இடப்பக்க ஜன்னல் முழுக்க ஏரி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, வரென்னாவில் இறங்கினோம். நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பத்து நிமிஷ நடை. அங்கிருந்து பெல்லாஜோ கால் மணி நேரம். மெனாஜோவுக்கும் கடெனாபியாவுக்கும் அதே துறையிலிருந்து படகு உண்டு. நடு ஏரியில் நாள் முழுக்க ஏறி இறங்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டால் டவுன் பஸ் மாதிரி பயன்படுத்தலாம். கார் ஏற்றும் படகும் இதே ஊர்களுக்கு நடுவே ஓடுகிறது. ஆனால் விடுமுறை நாளில் அதன் வரிசையில் நிற்கிற நேரத்தில் காலால் நடந்து ஏறுகிறவர்கள் இரண்டு ஊர் பார்த்துவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் பெல்லாஜோவிலிருந்து திரும்பும் படகில் அம்மா மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பளி ஷாலைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு வடக்கே பார்த்தபடி இருந்தார். அங்கே மலை உச்சிகளில் மே மாதத்திலும் பனி இருந்தது. “கீழே பூ, மேலே பனி, நடுவுல தண்ணி” என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் கையில் ஸ்டியரிங் இல்லை. முந்தைய பயணத்தில் இப்படி ஒரு சாயங்காலம் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லா ஏரிக்கும் இது ஒன்றுபோல் பொருந்தாது. மஜ்ஜோரேவில் சாலை இன்னும் சுலபம். மல்பென்சாவிலிருந்து ஸ்ட்ரேசாவுக்குப் பெரும்பகுதி நெடுஞ்சாலை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அங்கே பார்க்க வேண்டிய பொரோமியோ தீவுகளுக்குப் படகில்தான் போக முடியும். ஸ்ட்ரேசாவிலேயே ரயில் நிலையமும் இருக்கிறது. ஓர்டாவில் பழைய ஊருக்குள் வண்டி போகாது. காரை மேலே நிறுத்திவிட்டு நடந்து இறங்க வேண்டும். இசேயோவின் நடுவில் இருக்கும் மொன்டே இசோலா தீவில் சுற்றுலாக்காரர் கார் கொண்டுபோகவே முடியாது.

கார்டா மட்டும் வேறு. சுமார் 370 சதுர கி.மீ., இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. தெற்கில் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது, வடக்கே போகப் போக மலைகள் நெருங்கி வருகின்றன. மேற்குக் கரைச் சாலை 1930களின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து போட்டது. அதற்கு முன்னால் லிமோனே என்ற ஊருக்குப் படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் மலை ஏறி இறங்க வேண்டும். இந்தச் சாலையில் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிச்சத்துக்கு வரும்போது சட்டென்று நீலம் கண்ணில் அறையும். ஏரிக்கரையில் கார் ஓட்டியே தீர வேண்டும் என்பவர்களுக்கு கார்டாதான். அதுவும் பருவ நாள்களில் காலை எட்டு மணிக்குள் கிளம்பினால்தான் சுகம்.

அப்போ எந்த ஏரி?

சரி, அண்ணன் கேட்ட கேள்விக்கே வருகிறேன்.

அழகு என்று மட்டும் கேட்டால் எனக்கு கோமோதான். மலை, மாளிகை, தோட்டம், படகு எல்லாம் கைக்கெட்டும் நெருக்கத்தில் இருக்கின்றன. வரென்னாவிலிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் ஃப்யூமெலாட்டே என்ற ஓடை. மொத்த நீளமே 250 மீட்டர்தான். வசந்தத்தில் பொங்கி இலையுதிர் காலத்தில் நின்றுவிடும். பால்போல் வெள்ளையாக நுரைத்து இறங்குவதால்தான் அந்தப் பெயர். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் அந்த ஏரியில் நிறைய. ஆனால் கோமோவில் படிக்கட்டு அதிகம். வரென்னாவின் சந்துகளும் பெல்லாஜோவின் தெருக்களும் படி படியாகத்தான் ஏறுகின்றன. எங்கள் ஹோட்டலுக்கே துறையிலிருந்து அறுபது படி. நாலு நாளும் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே நின்று நின்று ஏறினார். வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்தான் முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

மூட்டு வலி உள்ள பெற்றோரோடு போகிறவர்களுக்கு ஸ்ட்ரேசா நல்ல முடிவு. கரையோரம் நீளமாக, சமதளமாக, மரநிழலில் நடைபாதை. எதிரே இசோலா பெல்லா தீவு. பொரோமியோ குடும்பத்தார் 1632இல் அங்கே மாளிகை கட்டத் தொடங்கினார்கள். அடுக்கடுக்கான தோட்டமும் வெள்ளை மயில்களுமாக இன்றும் இருக்கிறது. தோட்டத்தில் ஏற்றம் உண்டு. மாளிகையோடு நின்றாலும் போன காசு வீணில்லை. அமைதியும் வேண்டும் என்றால் பக்கத்து ஓர்டாவில் ஒரு நாள். எங்கள் முதல் பயணத்தின் 7 ஊரில் இன்னொரு இரவு தங்கியிருக்கலாமே என்று நாங்கள் இருவருமே சொன்ன ஊர் அதுதான்.

பிள்ளைகளோடு என்றால் தென் கார்டா. பெஸ்கியேரா, டெசென்சானோ இரண்டும் மிலான்–வெரோனா ரயில் பாதையில் இருக்கின்றன. கரை தட்டை. குளிக்க இடம் உண்டு. கார்டாலேண்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா பெஸ்கியேராவுக்குப் பக்கத்தில். வடக்கே மால்செசினேயில் மொன்டே பால்டோ மலைக்குப் போகும் கேபிள் காரில் பெட்டியே மெதுவாகச் சுழன்றபடி ஏறும். மழை வந்தாலும் அரைமணி நேர ரயிலுக்குள் வெரோனா இருக்கிறது. கோமோவில் மழை நாள் வந்தால் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஏரிக்கரை ஹோட்டல்களைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம். பல ஹோட்டல்கள் நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல்வரை மூடியிருக்கும். ஆகஸ்ட் 15 ‘ஃபெர்ரகோஸ்தோ’ விடுமுறையை ஒட்டி நாடே ஏரிக்கும் கடலுக்கும் கிளம்பிவிடும். அப்போது விலையும் உச்சம், கூட்டமும் உச்சம். நம் பள்ளி விடுமுறையான மே மாதம் அங்கே நல்ல பருவம். ‘ஏரி தெரியும் அறை’ என்றால் தனி விலை. கோமோவில் அதைக் கொடுக்கலாம் என்பேன், ஏனென்றால் மாலை முழுக்க அந்த ஜன்னலில்தான் இருப்பீர்கள். லிஃப்ட் உண்டா, வாசல்வரை டாக்சி வருமா, எத்தனை படி என்று மூன்றையும் எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தலைக்கு இவ்வளவு, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி பெரும்பாலும் ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள். பதிவு செய்த விலையில் அது சேராது.

நாட்டுப்புறத்துக்குக் கார் இல்லாமல் முடியாது

ஏரியில் கார் சுமை என்றேன். டஸ்கனியில் நேர் எதிர். ஃப்ளாரன்ஸ், சியேனா போன்ற நகரங்களைப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு ரயிலும் பஸ்ஸும் போதும். ஆனால் நாட்டுப்புறம் என்று படங்களில் நாம் பார்க்கிற அந்தச் சைப்ரஸ் மர வரிசை, குன்றின் மேல் ஒற்றை வீடு, பச்சையும் பொன்னுமாக மடிப்பு மடிப்பாக வயல் எல்லாம் சியேனாவுக்குத் தெற்கே வால் டோர்ச்சா என்ற பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 2004இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே பஸ் அரிது. ஒரு பஸ்ஸை விட்டால் பொழுதே போய்விடும்.

இங்கே ஹோட்டலைவிட அக்ரிடூரிஸ்மோ என்கிற பண்ணைத் தங்கலைத்தான் சிபாரிசு செய்வேன். உண்மையாகவே விவசாயம் செய்கிற பண்ணை, கூடவே சில அறைகளை விருந்தினருக்கு விடுகிற ஏற்பாடு. இதற்கென்று தனிச் சட்டமே உண்டு. முதல் தேசியச் சட்டம் 1985இல் வந்தது. ஹோட்டலோடு ஒப்பிட்டால் இடம் தாராளம், சமையலறை உள்ள வீடாகவே கிடைக்கும், காரை வாசலில் நிறுத்தலாம். குறை என்றால், பல இடங்களில் குறைந்தது 2, 3 இரவு தங்க வேண்டும், ஆகஸ்டில் ஒரு வாரம்கூடக் கேட்பார்கள். வரவேற்பறை என்று ஒன்று இருக்காது. இரவு பத்து மணிக்குப் போய் நின்றால் கதவைத் திறக்க ஆள் இருக்காமல் போகலாம்.

பியென்சா பக்கத்தில் நாங்கள் தங்கிய பண்ணைக்குத் தார்ச் சாலையிலிருந்து பிரிந்து ‘ஸ்ட்ராடா பியாங்கா’ எனும் வெள்ளைச் சரளைச் சாலையில் 2 கி.மீ. போக வேண்டும். கார் முழுக்க மாவு பூசியது போலத் தூசி. வீட்டுக்காரம்மாவுக்கு அம்மா வயதுதான் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் சமையலறையில் நின்று ‘பீச்சி’ என்ற பாஸ்தா செய்துகொண்டிருந்தார். வெறும் மாவும் தண்ணீரும்தான். மாவைச் சின்னத் துண்டாகக் கிள்ளி, பலகையில் வைத்து, விளக்குத் திரி திரிப்பது போல் உள்ளங்கையால் உருட்டி நீட்டினார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்று தானும் திரிக்க ஆரம்பித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. பூண்டும் தக்காளியும் போட்ட சாற்றில் அது இரவு மேசைக்கு வந்தபோது எது யார் திரித்தது என்று தெரியவில்லை. கூடக் கொடுத்த ரொட்டியில் உப்பில்லை. டஸ்கனியில் ரொட்டியே அப்படித்தான், மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வால் டோர்ச்சாவில் ஒரு நாள் ஓட்டம் என்பது 60, 70 கி.மீ. தாண்டாது. பியென்சா, போப் இரண்டாம் பயஸ் தான் பிறந்த ஊரையே 15ஆம் நூற்றாண்டில் புது நகரமாகக் கட்டிய இடம். பான்யோ விஞ்ஞோனியில் ஊர்ச் சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம். குன்றின்மேல் மொன்டல்சீனோ, அந்தப் பக்கம் மொன்டெபுல்சானோ. எங்கும் அவசரம் இல்லை, எங்கும் வண்டியை ஓரம்கட்டி நிற்கலாம்.

ஃப்ளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே உள்ள கியான்டி இதற்கு மாற்று. அங்கே காடும் திராட்சைத் தோட்டமும் மாறி மாறி வரும், சாலை வளைந்துகொண்டே போகும். காரில் தலைசுற்றல் வருகிறவர்களுக்கு வேண்டாம். ஃப்ளாரன்ஸுக்குத் தினமும் போய்வர நினைப்பவர்களுக்கு மட்டும் கியான்டி பக்கம்.

மூன்றாவதாக, பியட்மான்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகள். ஆல்பா, பரோலோ, லா மோரா ஊர்கள் அங்கேதான். யுனெஸ்கோ பட்டியலில் 2014இல் சேர்ந்தது. மஜ்ஜோரேவிலிருந்து போக டஸ்கனியைவிட இது கிட்டம். கூட்டமும் குறைவு. ஆனால் அங்கே வாழ்க்கை மொத்தமும் ஒயினைச் சுற்றி இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் வெள்ளை ட்ரஃபிள் காளானும் சேர்ந்துகொள்ளும், அறை வாடகையும் ஏறும். ஒயின் குடிக்காத எங்களைப் போன்ற குடும்பத்துக்கு டஸ்கனியில் கிடைக்கும் ஊர், ஓவியம், வெந்நீர் ஊற்று எல்லாம் சேர்ந்து கூடுதலாகத் தோன்றியது. 6 இரவுதான் இருக்கிறது என்பவர்கள் இவ்வளவு தூரமே போக வேண்டாம். கார்டாவையும், வெரோனாவுக்கு வடமேற்கே உள்ள வால்போலிச்செல்லா குன்றுகளையும் சேர்த்துக்கொண்டால் ஏரி, நாட்டுப்புறம் இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

கார் எடுக்கும் இடமும் சில விதிகளும்

ஏரியிலிருந்து டஸ்கனிக்குக் காரிலேயே போவதா, ரயிலில் போய் அங்கே எடுப்பதா? மிலானிலிருந்து ஃப்ளாரன்ஸ் 300 கி.மீ., நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம், டோலும் பெட்ரோலும் வேறு. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். ஏரியில் கிடந்த நாலு நாளுக்கான கார் வாடகையும் ஹோட்டல் பார்க்கிங் கட்டணமும் மிச்சம். ஃப்ளாரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுக்காமல், டிராம் பிடித்து விமான நிலையத்துக்குப் போய் எடுங்கள். 20 நிமிஷப் பயணம்தான். நகரத்தின் உள்ளே ஓட்டவே வேண்டியிருக்காது, அங்கிருந்து நேரே நெடுஞ்சாலை.

நகரத்துக்குள் ஏன் ஓட்டக்கூடாது என்றால், இசட்.டி.எல். என்ற போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். பெரும்பாலான பழைய இத்தாலிய நகரங்களில் உள்வட்டத்துக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகைதான் அடையாளம். பக்கத்தில் ‘வார்கோ அட்டிவோ’ என்று எழுத்து ஒளிர்ந்தால் கேமரா விழித்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் தடுக்க மாட்டார்கள், விசில் ஊதமாட்டார்கள். முதல் பயணத்தில் போன் காட்டிய வழியில் ஹோட்டல் வாசல்வரை ஓட்டிப்போனோம். ஊர் திரும்பி ஏழு மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே, எங்கள் விவரத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கென்று வாடகை நிறுவனம் கார்டில் தனியாக ஒரு தொகை எடுத்திருந்தது. உள்வட்டத்தில் ஹோட்டல் எடுத்தால் கார் எண்ணை முன்பே கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லலாம். அதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி இரண்டையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அது ஒரு வருஷம் செல்லும். ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அதில் ஒரு பெரிய தொகையை நிறுத்தி வைப்பார்கள். அங்கே கியர் வண்டிதான் வழக்கம். நாம் வலப்பக்கச் சாலைக்குப் புதிதாகப் பழகும்போது வலக்கையால் கியர் மாற்றவும் சேர்த்துப் பழகுவது வேண்டாத சுமை. ஆட்டோமேட்டிக்கை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், விலை கூட இருந்தாலும் சரி. 150 செ.மீ. உயரத்துக்குக் குறைவான பிள்ளைக்கு அதற்கேற்ற தனி இருக்கை கட்டாயம்.

நெடுஞ்சாலையில் வேகம் 130, மழை பெய்தால் 110. சில தடங்களில் இரு புள்ளிகளுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள், கேமரா தெரிந்ததும் பிரேக் போட்டுப் பயனில்லை. டோலில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம். நம் ஃபாஸ்டேக் மாதிரி கருவி உள்ள வண்டிகளுக்கான மஞ்சள் ‘டெலிபாஸ்’ வரிசையில் மட்டும் போய்விடாதீர்கள். மல்பென்சாவிலிருந்து கோமோ பக்கம் போகும்போது சில நேரம் போனில் உள்ள வழிகாட்டி ஏ36 சாலையில் ஏற்றிவிடும். அதில் சாவடியே கிடையாது, எண் பலகையைப் படம் பிடிக்கும். 15 நாளுக்குள் இணையத்தில் நாமே கட்ட வேண்டும். பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் நமக்கில்லை. பெட்ரோல் பங்கில் நாமே போட்டுக்கொண்டால் விலை குறைவு. பெட்ரோல் அங்கே ‘பென்சினா’, டீசல் ‘கசோலியோ’, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஞாயிறு மாலையில் லெக்கோவிலிருந்து மிலான் நோக்கிய சாலை ஊர் திரும்பும் மிலான்காரர்களால் நிரம்பிவிடும். ஹோட்டல் மாறும் நாளை ஞாயிற்றுக்கிழமையில் போடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அண்ணி கேட்டார், அவர் சைவம். பீட்சாவும் தக்காளிப் பாஸ்தாவும் எங்கும் கிடைக்கும். கோமோ பக்கம் பிட்சோக்கேரி என்று ‘பக்வீட்’ தானிய மாவில் செய்த பாஸ்தாவில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவார்கள், குளிருக்கு நன்றாக இருக்கும். ரிசோட்டோ என்ற அரிசி உணவு சைவம்போலத் தெரிந்தாலும் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில் வேகவைக்கிறார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் கோமோவில் மிசோல்தீனி கேளுங்கள். ஏரி மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலையோடு அடுக்கி அழுத்தி வைப்பது. சுட்டுக் கொண்டுவந்து வைத்ததுமே வாசனையில் அம்மா கண்டுபிடித்துவிட்டார்: “இது நம்ம கருவாடுதானே!”

அண்ணன் குடும்பத்துக்கு 8 இரவு. பிள்ளைகளுக்கு 14, 9 வயது. அண்ணன் வலப்பக்கச் சாலையில் ஓட்டியதே இல்லை. போன வாரம் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். மிலானில் இறங்கி ரயிலில் பெஸ்கியேரா, அங்கே 4 இரவு கார் இல்லாமல். வெரோனாவில் ரயில் மாறி ஃப்ளாரன்ஸ், அதற்கு ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்தில் ஆட்டோமேட்டிக் கார், சின்னவனுக்கு இருக்கை சேர்த்து. பிறகு வால் டோர்ச்சாவில் 4 இரவு. அங்கிருந்து ரோம் விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம்போல ஆகும். காரை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். வேறு ஊரில் விடுவதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு, திரும்ப ஃப்ளாரன்ஸ் போகும் அலைச்சலோடு ஒப்பிட்டு அதை ஏற்றுக்கொண்டோம். முதலில் பண்ணை வீட்டைத்தான் பதிவு செய்தோம், அறைகள் குறைவு என்பதால். அதே வீட்டுக்காரம்மாவின் பண்ணைதான். அம்மா அவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சுங்குடிச் சேலையை அண்ணியின் பெட்டியில் இப்போதே வைத்துவிட்டார்.